கையால் தோண்டிய குழிகள்: காலனியமும் இனப்படுகொலையின் வேர்களும்

(இணைய விவாதம் ஒன்று. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மணல்மேடு

ஒமாஹெகே மணற்காட்டுக்குள் ரோந்து போன ஜெர்மன் சிப்பாய்கள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மணலில் பத்து மீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டிய குழி. அடியில் ஈரம்கூடக் கிடையாது. குழியைச் சுற்றி எலும்புகள். தண்ணீர் தட்டும் தட்டும் என்று தோண்டிக்கொண்டே போய் அங்கேயே விழுந்தவர்கள் ஹெரேரோக்கள், அன்று ஜெர்மன் காலனியாக இருந்த இன்றைய நமீபியாவின் மாடு மேய்க்கும் மக்கள். வருடம் 1904.

இரண்டு வாரமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இனப்படுகொலை என்றதும் நம் மனசில் வருவது வெறி பிடித்த கூட்டம். இந்தக் கதையில் வெறி கடைசியில்தான் வருகிறது. முதலில் வருவது கடன் சீட்டு.

1897-இல் மாட்டு வெக்கை நோய் பரவி ஹெரேரோக்களின் மந்தைகளில் பெரும்பகுதி செத்தது. மாடுதான் அவர்களுக்குச் சொத்து, கௌரவம், முன்னோர் வழிபாடு எல்லாமே. அந்த நேரம் பார்த்து ஜெர்மன் வியாபாரிகள் கடனுக்குச் சாமான் கொடுத்தார்கள். அவர்கள் வைத்ததுதான் விலை. கட்ட முடியாதவனிடம் மிச்ச மாட்டைப் பிடித்தார்கள். இன்னொரு பக்கம் மேய்ச்சல் நிலம் துண்டு துண்டாக வெள்ளைக்காரப் பண்ணைகளுக்குக் கைமாறியது. 1903-இல் காலனி அரசு ஒரு விதி போட்டது: இந்தக் கடன்களை ஒரு வருடத்துக்குள் வசூலிக்காவிட்டால் செல்லாது. கடனாளியைக் காப்பாற்றத்தான் இந்த விதி என்றார்கள். வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டைப் பிடிக்க ஓடினார்கள்.

1904 ஜனவரி 12 அன்று ஒகஹன்ஜாவில் கிளர்ச்சி வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், பாதிரிமார்கள், ஆங்கிலேயர், போயர்கள் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) மீது கை வைக்கக் கூடாது என்று தலைவர் சாமுவேல் மஹரேரோ சொல்லியிருந்தார். பெரும்பாலும் அதன்படியே நடந்தார்கள்.

அப்புறம் ஃபான் ட்ரோத்தா என்ற தளபதி வந்தார். அதற்கு முன்பே சீனாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் காலனிப் போர் நடத்திய ஆள். ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் மலையடிவாரத்தில் சண்டை. தோற்ற மக்கள் மந்தையோடும் பிள்ளை குட்டியோடும் கிழக்கே ஓடினார்கள். அந்தப் பக்கம் இருந்தது ஒமாஹெகே ஒன்றுதான். பின்னாலேயே துரத்திப் போன படை நீர்ச்சுனைகளைப் பிடித்துக்கொண்டு காவல் போட்டது. அக்டோபர் 2 அன்று ட்ரோத்தா ஆணையே எழுதிவிட்டார்: ஜெர்மன் எல்லைக்குள் துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஹெரேரோவும் சுடப்படுவான். பெண்களையும் குழந்தைகளையும் இனி ஏற்க முடியாது, அவர்களைத் திருப்பி விரட்டுவேன், இல்லாவிட்டால் சுடச் சொல்வேன்.

போருக்கு முன் சுமார் 80,000 பேர். 1911 கணக்கெடுப்பில் சுமார் 15,000. 1904 அக்டோபரில் தெற்கே நாமா மக்களும் எழுந்தார்கள். சுமார் 20,000 பேர் இருந்த அவர்களில் பாதிப்பேர் போனார்கள்.

என் கேள்வி இதுதான். காலனியத்தை இனப்படுகொலையின் வேர் என்று சொல்லலாமா, அல்லது அதன் பல கிளைகளில் ஒன்று என்றுதான் சொல்ல வேண்டுமா? நான் வேர் என்ற பக்கம் சாய்கிறேன். மறுப்பவர்கள் வாருங்கள்.

எதிர்க்கரை

நான் மறுக்கிறேன். விவரங்களை மறுக்கவில்லை, அவை சரிதான். "வேர்" என்கிற சொல்தான் இடிக்கிறது.

கி.மு. 146-இல் ரோமானியர்கள் கார்த்தேஜைத் தரைமட்டமாக்கி, உயிரோடு பிடிபட்டவர்களை அடிமைகளாக விற்றார்கள். அப்போது எந்தக் காலனியம்? 1915-இல் ஒட்டோமான் (துருக்கி) அரசு ஆர்மீனியர்களைக் கொன்றது, தன் சொந்தக் குடிமக்களை. 1975 முதல் 1979 வரை கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் செய்தது இன்னொரு ரகம். ஒரு கூட்டத்தை அடியோடு அழிக்கும் பழக்கம் ஐரோப்பியர்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பே இருந்தது. எதற்கெடுத்தாலும் வெள்ளைக்காரன் மேல் பழி போட்டால் மற்றவர்கள் செய்த கொலைகள் சத்தமில்லாமல் நழுவிவிடும். எனக்கு அதுதான் பயம்.

பழுப்புக்காகிதம்

எதிர்க்கரை அண்ணே, அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காலனியம் என்றால் கடல் தாண்டிய வெள்ளைக்காரன்தான் என்று நீங்களே வைத்துக்கொண்டு பேசுகிறீர்களே?

1750-களின் பிற்பாதியில் சீனாவின் சிங் பேரரசு துங்கார் மங்கோலியர்களை ஏறக்குறைய முழுசாகத் துடைத்தெடுத்தது. வெறுமையான மேய்ச்சல் நிலத்தில் வேறு மக்களைக் கொண்டுவந்து குடிவைத்தது. ரஷ்யப் பேரரசு 1864-இல் காகசஸ் மலைப் பகுதியின் சர்க்காசியர்களைக் கருங்கடல் கரைக்குத் துரத்தி, படகில் ஏற்றி ஒட்டோமான் நாட்டுக்கு அனுப்பியது. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்கள் ஊர்களிலும் குடியேற்றம்தான் நடந்தது. இரண்டிலும் கப்பல்படை கிடையாது. நடந்தே போய்ப் பிடித்தார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள்: நிலம் வேண்டும், அதன் மேல் ஆள் இருக்கிறான், ஆளை அப்புறப்படுத்து, நம் ஆளை வை. ஒமாஹெகேயிலும் இதே வரிசைதான்.

கார்த்தேஜ், கம்போடியா இரண்டையும் உங்களுக்கு விட்டுத்தருகிறேன். ஆர்மீனியாவைத் தரமாட்டேன். அங்கும் துரத்தப்பட்டவர்களின் வீடும் வயலும் கைவிடப்பட்ட சொத்து என்று பதிவாகி, பால்கன் நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகள் பலருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

எதிர்க்கரை

துங்கார் கதை எனக்குப் புதுசு. ஒப்புக்கொள்கிறேன். கார்த்தேஜை விட்டுக்கொடுத்ததற்கு நன்றி, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். :)

ஆனால் இப்படி விரித்துக்கொண்டே போனால் எல்லாப் பேரரசும் காலனியம் ஆகிவிடும். சொல்லுக்கு ஒரு வேலி வேண்டாமா?

குறுக்குவிசாரணை

வேலி என்றதும் சட்டத்துக்கு வந்துவிடலாம். என் பிழைப்பே அதுதான்.

இனப்படுகொலை என்ற கருத்துக்கு 1944-இல் ஒரு சொல்லை உருவாக்கியவர் ராஃபேல் லெம்கின், போலந்து யூத வழக்கறிஞர். கிரேக்கத்தில் இனம் என்று பொருள்படும் சொல்லையும் லத்தீனில் கொல்வதைக் குறிக்கும் விகுதியையும் ஒட்டினார். பலர் கவனிக்காதது என்னவென்றால், அவர் கொடுத்த விளக்கமே காலனிய வாடை அடிக்கும் விளக்கம். இதில் இரண்டு கட்டம் உண்டு என்றார். முதலில் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்க்கை அமைப்பை அழிப்பது, அடுத்து ஒடுக்குபவனின் அமைப்பை அங்கே நடுவது. நடப்பட்டது மிச்சமிருக்கும் மக்கள் மேலேயும் இருக்கலாம், அவர்களைத் துரத்திவிட்டுத் தன் ஆட்களைக் குடியேற்றிய வெற்று நிலத்திலும் இருக்கலாம். உலக இனப்படுகொலைகளின் வரலாறு ஒன்றை எழுத அவர் சேர்த்த குறிப்புகளில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவும் இருந்தது, ஹெரேரோவும் இருந்தது. அது அச்சேறுவதற்கு முன்பே 1959-இல் இறந்துவிட்டார்.

இப்போது 1948 டிசம்பர் 9-க்கு வாருங்கள். ஐ.நா. உடன்படிக்கை நிறைவேறிய நாள். மொழி, வழிபாடு, பண்பாட்டை அழிப்பதையும் குற்றமாக வைத்திருந்த பிரிவு வரைவிலேயே வெட்டப்பட்டது. வெட்டச் சொன்னவர்களில் காலனி வைத்திருந்த நாடுகளும், பூர்வகுடிகளின் நிலத்தில் எழுந்த நாடுகளும் முன்வரிசையில் இருந்தன. ஆச்சரியம் ஏதும் இல்லை.

மிஞ்சியதில் மையமான சொல் நோக்கம். ஒரு இனக்குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்தால்தான் இனப்படுகொலை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதை விட, கொன்றவன் மனசில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். ட்ரோத்தாவிடம் அது சுலபம், மனுஷன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். எழுதி வைக்காதவர்களை என்ன செய்வீர்கள்?

மணல்மேடு

குறுக்குவிசாரணை சொன்ன இடத்தில்தான் நானும் இரண்டு வாரமாகச் சிக்கிக் கிடக்கிறேன். ஒரே அரசு, ஒரே காலம், இரண்டு காலனிகள் என்று எடுத்துக்கொள்வோம். மேற்கே ட்ரோத்தா. கிழக்கே, இன்றைய தான்சானியாவில், 1905-இல் மஜி மஜி கிளர்ச்சி. கட்டாயமாகப் பருத்தி பயிரிட வைத்ததுதான் அதைக் கிளப்பிய காரணங்களில் பெரியது. அங்கே ஜெர்மன் படை ஊரை எரித்தது, தானியக் குதிர்களை எரித்தது, நிற்கிற பயிரை எரித்தது. பட்டினி போட்டால்தான் அடங்குவார்கள் என்று அதிகாரிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். 2 லட்சத்திலிருந்து 3 லட்சம் பேர் வரை மடிந்திருப்பார்கள் என்பது பலர் ஏற்கும் மதிப்பீடு. ஹெரேரோ நாமா இரண்டையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட வராது.

ஆனாலும் மஜி மஜியைப் போர் என்கிறோம், பஞ்சம் என்கிறோம். மேற்கில் நடந்ததை இனப்படுகொலை என்கிறோம். நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு துண்டுக் காகிதம்.

ஊமத்தம்பூ

இவ்வளவு நேரமாகக் காங்கோ வரவில்லையே என்று காத்திருந்தேன்.

1904-இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரி எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. ன்சாலா என்ற மனிதர் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு சின்னக் கையும் ஒரு சின்னப் பாதமும் கிடக்கின்றன. அவருடைய ஐந்து வயது மகளுடையவை. ஊர் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய ரப்பர் அளவு குறைந்தது என்று ரப்பர் கம்பெனியின் காவலாட்கள் செய்தது. அவர் அழவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அந்தப் படத்தை ஒரு தடவைதான் பார்த்தேன், இனி பார்க்கப்போவதில்லை.

கையை ஏன் வெட்டினார்கள் என்று தெரியுமா? கணக்குக்காக. சிப்பாய்க்குக் கொடுத்த தோட்டாவை அவன் வேட்டைக்கு வீணடிக்கவில்லை, ஆளைத்தான் சுட்டான் என்று காட்ட ஒரு தோட்டாவுக்கு ஒரு கை கொண்டுவர வேண்டும். தோட்டா வேட்டையில் செலவாகிவிட்டால் உயிரோடு இருப்பவன் கையை வெட்டிக் கணக்கை நேர் செய்தான். கூடையில் புகை போட்டுக் காயவைத்த கைகள் அதிகாரியிடம் போகும்.

இதில் எங்கே இருக்கிறது உங்கள் "நோக்கம்"?

குறுக்குவிசாரணை

ஊமத்தம்பூ, கசப்பான பதில்தான் இருக்கிறது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்குக் காங்கோ மக்கள் சாக வேண்டும் என்ற ஆசை இல்லை. அவர்கள் உயிரோடு இருந்து ரப்பர் எடுக்க வேண்டும். செத்தால் அவருக்கு நட்டம். 1885 முதல் 1908 வரை அந்த நாடே அவருடைய சொந்தச் சொத்து. கொலை, பட்டினி, தூக்க நோய், குழந்தை பிறப்பே குறைந்துபோனது எல்லாம் சேர்ந்து பல லட்சங்கள் முதல் ஒரு கோடி வரை மதிப்பீடுகள் சொல்கின்றன. முதல் கணக்கெடுப்பு ரொம்பப் பின்னால் நடந்ததால் இந்தச் சண்டை தீராது. ஆனால் பல வரலாற்றாசிரியர்கள் இதை இனப்படுகொலை என்று அழைக்கத் தயங்குவது எண்ணிக்கையால் இல்லை. இலாபத்துக்காகக் கொன்றான், அழிப்பதற்காகக் கொல்லவில்லை என்ற காரணத்தால்தான்.

சட்டம் படித்தவனாக இந்த வாதம் எனக்குப் புரிகிறது. ராத்திரி தூங்கப் போகும்போது புரிவதில்லை.

பழுப்புக்காகிதம்

காங்கோவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. அந்தக் கொடுமையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஆப்பிரிக்காவுக்கே போகாமல் கண்டுபிடித்தார். எட்மண்ட் மொரெல், கப்பல் கம்பெனி குமாஸ்தா. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குப் பட்டியலைப் பார்த்தார். காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருந்தன. திரும்பிப் போகும் கப்பலில் துப்பாக்கியும் தோட்டாவும். ரப்பருக்கு விலையாகப் பண்டம் எதுவும் போகவில்லையே, அப்படியானால் இது வியாபாரமே இல்லை என்று புரிந்துகொண்டார். ஒரு பேரேட்டைப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதன்.

1908-இல் பெல்ஜிய அரசிடம் காங்கோவை ஒப்படைக்கும் முன் லியோபோல்ட் தன் ஆவணங்களை எரிக்கச் சொன்னார். எட்டு நாள் எரிந்தன. பழைய காகிதத்தோடு காலம் தள்ளுகிறவன் என்பதால், பிணக்குவியலைப் போலவே இதையும் நான் குற்றத்தின் பகுதியாகத்தான் பார்க்கிறேன். நோக்கத்துக்கு எழுத்துச் சாட்சி கேட்கிறீர்கள், சரி. சாட்சிதான் அடுப்பில் போய்விட்டதே.

தென்றல்வீதி

எல்லாம் படித்துக்கொண்டு வருகிறேன். கல்லூரியில் படிக்கிறேன், தவறாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோத்தாவின் ஆணையை பெர்லினே திரும்பப் பெற்றது என்று ஒரு இடத்தில் படித்தேன். அப்படியானால் அதை ஒரு கிறுக்குத் தளபதியின் தனிப்பட்ட வேலை என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

மணல்மேடு

தவறான கேள்வியே இல்லை தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்க). திரும்பப் பெற்றது உண்மை, 1904 டிசம்பரில். ஆனால் என்ன காரணம் சொல்லித் திரும்பப் பெற்றார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பிரதமர் பியூலோ பேரரசரிடம் சொன்னவை: இது கிறிஸ்தவ நெறிக்கும் மனிதநேயத்துக்கும் எதிரானது, காலனியின் பொருளாதாரம் கெட்டுப்போகும், உலக நாடுகளிடம் நம் பெயர் கெடும். ராணுவத் தலைமை அதிகாரி ஷ்லீஃபன் இன்னும் வெளிப்படை. இனப்போர் என்று வந்துவிட்டால் ஒரு தரப்பு அழிந்துதான் முடியும் என்பதில் ட்ரோத்தாவோடு அவருக்கு வேறுபாடு இல்லை. அதைச் செய்துமுடிக்கும் பலம் ட்ரோத்தாவிடம் இல்லையே என்பதுதான் அவர் கவலை.

ட்ரோத்தாவுக்கு முன்பிருந்த ஆளுநர் லாய்ட்வைன் மொத்த அழிப்பை எதிர்த்தவர். நல்லவர் என்று நினைக்காதீர்கள். மாடு மேய்க்கவும் கூலி வேலைக்கும் ஆள் வேண்டும் என்று எழுதினார். ஊமத்தம்பூ சொன்ன காங்கோ இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. ஒருத்தன் நிலம் மட்டும் போதும் என்கிறான், இன்னொருத்தன் நிலமும் வேண்டும் கூலியும் வேண்டும் என்கிறான். அவர்களுக்குள் நடந்த சண்டை அவ்வளவுதான்.

ஆணை போனதும் வந்தது முகாம். விண்ட்ஹுக், ஸ்வாகோப்முண்ட், லூடரிட்ஸ் கரையோரத்தில் சுறாத்தீவு. பாலைவனத்து வெயிலில் வளர்ந்தவர்களை அட்லாண்டிக் குளிர்காற்றில், கோணிச்சாக்குக் கூடாரத்தில் அடைத்தார்கள். ரயில்பாதைக்கும் துறைமுகத்துக்கும் கல் சுமந்தார்கள். ராணுவத்தின் சொந்தக் கணக்கிலேயே எல்லா முகாம்களிலுமாகச் சுமார் 17,000 கைதிகளில் 7,682 பேர் செத்தார்கள். கிட்டத்தட்ட பாதி. பெரும்பாலும் பெர்லின் ஆணையைத் திரும்பப் பெற்ற *பிறகு* நடந்த சாவுகள் இவை.

அப்புறம் மிஞ்சியவர்களுக்கு 1907-இல் புதுச் சட்டம். ஆளுநர் அனுமதி இல்லாமல் நிலமோ மாடோ வைத்திருக்கக் கூடாது. எண் பொறித்த உலோக வில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிய வேண்டும். கடன் சீட்டில் தொடங்கியது வில்லையில் வந்து நின்றது.

ஊமத்தம்பூ

சுறாத்தீவில் இன்று சுற்றுலாக்காரர்கள் கூடாரம் அடித்துத் தங்கும் இடம் இருக்கிறது. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்கரை

சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். ஆனால் வாட்டர்பெர்க்கிலிருந்து நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸுக்கு நேர்க்கோடு போடும் கும்பல் ஒன்று உண்டு. நிச்சயம் இங்கேயும் வரும். அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கோடு உடைகிறது. பிரிட்டனும் பிரான்ஸும் ஜெர்மனியை விடப் பெரிய பேரரசுகள், பல நூறு வருட அனுபவம். அவர்கள் ஏன் ஆஷ்விட்ஸ் கட்டவில்லை? முகாம் என்பதே ஜெர்மன் கண்டுபிடிப்பு கிடையாது. 1896-இல் கியூபாவில் ஸ்பானியர்கள், 1900 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர்கள். போயர் முகாம்களில் சுமார் 28,000 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தனி முகாம்களில் கறுப்பர்களும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இருந்தும் லண்டனில் நாஜிக் கட்சி ஆட்சிக்கு வரவில்லை. நடுவில் முதல் உலகப்போர், தோல்வி, பணவீக்கம், பழைய யூத வெறுப்பு எல்லாம் இருக்கின்றன. இதையெல்லாம் தாண்டிக் கோடு போடுவது சோம்பேறித்தனம்.

பழுப்புக்காகிதம்

நேர்க்கோடு வேண்டாம், நானும் போடமாட்டேன். ஆனால் ஒரு நூல் இருக்கிறது, அதைக் கையில் பிடித்துக் காட்டுகிறேன்.

சுறாத்தீவிலும் மற்ற முகாம்களிலும் செத்தவர்களின் மண்டையோடுகள் பெர்லினுக்குப் போயின. கைதிப் பெண்களையே உட்காரவைத்து, வெந்த தலைகளிலிருந்து சதையைக் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வைத்தார்கள். சுரண்டியது தெரிந்தவர் தலையாகவும் இருக்கலாம். "இன அறிவியல்" ஆய்வுக்கு. 1908-இல் ஓய்கன் ஃபிஷர் என்ற மருத்துவர் அதே காலனியில் ரெஹோபோத் ஊருக்குப் போய், போயர் ஆண்களுக்கும் நாமா பெண்களுக்கும் பிறந்த வம்சத்தாரை அளந்தார். மூக்கு, முடி, கண். இனக்கலப்பு கெடுதல் என்று எழுதினார். 1927-இல் பெர்லினில் மானுடவியலுக்கான கைசர் வில்ஹெல்ம் நிறுவனம் தொடங்கியபோது அவர்தான் இயக்குநர். 1937-இல் ஜெர்மனியின் ரைன்லாந்தில் கறுப்பினச் சிப்பாய்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த சில நூறு பிள்ளைகளுக்கு ரகசியமாகக் கருத்தடை அறுவை செய்தார்களே, அந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்தவர்களில் அவரும் உண்டு. 1942-இல் அவர் நாற்காலியில் அமர்ந்த ஃபெர்ஷூவரின் பழைய உதவியாளர் யார்? யோசெஃப் மெங்கலே, ஆஷ்விட்ஸ் கைதிகள் மேல் கொடூரப் பரிசோதனை நடத்திய மருத்துவர்.

ஒரு நிறுவனம், அடுத்தடுத்த கைகள். ஹிட்லரும் தன் உணவு மேசையில் என்ன பேசினார்? இங்கிலாந்துக்கு இந்தியா எப்படியோ நமக்கு ரஷ்யா அப்படி என்றார். கிழக்கு ஐரோப்பாவை அவர் பார்த்த கண் குடியேற்றக்காரனின் கண்.

குறுக்குவிசாரணை

கரீபியத் தீவான மார்த்தினீக்கின் கவிஞர் எமே செசேர் 1950-இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஹிட்லரை ஐரோப்பா மன்னிக்க முடியாததற்குக் காரணம், அதுவரை அல்ஜீரிய அரேபியர், இந்தியக் கூலிகள், ஆப்பிரிக்கக் கறுப்பர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த முறைகளை வெள்ளைக்காரர்கள் மேலேயே பிரயோகித்ததுதான் என்பது அவர் வாதம். எதிர்க்கரைக்குப் பிடிக்காது, தெரியும்.

எதிர்க்கரை

பிடிக்கவில்லைதான். வீச்சான வாக்கியம். ஆனால் யூத வெறுப்பின் தனித்தன்மையை அது கரைத்துவிடுகிறது. காலனியில் "இந்த நிலம் வேண்டும், நீ நகரு" என்கிறார்கள். யூதர்களிடம் எந்த நிலம் இருந்தது? அவர்களை ஐரோப்பாவின் கடைசி மூலையிலிருந்தும் தேடிப் பிடித்து ரயிலில் ஏற்றினார்களே, அது நிலப்பசியா? மணல்மேட்டின் "முதலில் கடன் சீட்டு" கணக்கு அங்கே பொருந்தவே பொருந்தாது.

மணல்மேடு

இது எனக்கு விழுந்த அடி. ஒப்புக்கொள்கிறேன். யூதர்களைக் கொன்றது நிலப்பசியால் மட்டும் விளங்காது. என் தலைப்பை "ஒரே வேர்" என்று யாராவது படித்தால் அது என் தப்பு.

ஆனால் நிலப்பசி பொருந்தும் இடங்களில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். டாஸ்மேனியாவில் 1828-இல் ஆளுநர் ஆர்தர் ராணுவச் சட்டம் போட்டார். 1830-இல் பூர்வகுடிகளைப் பிடிக்கச் சுமார் 2,200 பேரை வரிசையாக நிறுத்தித் தீவின் குறுக்கே நடக்கவிட்டார், காட்டில் விலங்கைக் கலைத்து ஓட்டுவதைப் போல. சிப்பாய்கள், கைதிகள், பண்ணைக்காரர்கள் எல்லோரும் அந்த வரிசையில். பல வாரம் நடந்து பிடித்தது இரண்டு பேரை, சுட்டது இரண்டு பேரை. கேலிக்கூத்துதான். ஆனால் அதற்குள் உண்மையான கொலைகள் பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தன, எந்த ஆணையும் இல்லாமல், ஆட்டுப் பண்ணைகளின் ஓரத்தில். கலிபோர்னியாவிலும் அப்படியே. 1846-இல் சுமார் 1,50,000 பூர்வகுடிகள், 1870-இல் சுமார் 30,000. நோயும் பட்டினியும் உண்டு. ஆனால் வேட்டைக்குப் போன தன்னார்வப் படைகளின் செலவை மாநில அரசு பணமாகக் கட்டியது. குதிரைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று ரசீது உண்டு. கொல் என்ற உத்தரவைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். கொன்றதற்கான செலவுக் கணக்கு கிடைக்கிறது.

நோக்கத்தைத் தேடுகிறவர்கள் தளபதியின் மேசையைத் துழாவுகிறார்கள். நான் கணக்குப்பிள்ளையின் மேசையைத் துழாவச் சொல்கிறேன்.

தென்றல்வீதி

(தங்கைதான் அண்ணா.)

ருவாண்டாவை எங்கே வைப்பது? 1994 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை சுமார் நூறு நாள், சுமார் 8 லட்சம் பேர். கொன்ற ஹுட்டுகளும் ஆப்பிரிக்கர்கள், செத்த டுட்சிகளும் ஆப்பிரிக்கர்கள். பெல்ஜியம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பத்து மாட்டுக்கு மேல் வைத்திருந்தவன் டுட்சி, குறைவாக இருந்தவன் ஹுட்டு என்று பெல்ஜியர்கள்தான் அட்டையில் எழுதினார்கள் என்கிறார்கள். அது உண்மையா?

பழுப்புக்காகிதம்

அட்டை உண்மை, பத்து மாடு கதை பெரிதாக்கப்பட்டது தங்கச்சி. 1930-களின் நடுவில் கணக்கெடுத்து ஒவ்வொருவர் அட்டையிலும் ஹுட்டு, டுட்சி, ட்வா என்று எழுதினார்கள். பெரும்பாலும் ஆட்கள் வாயால் சொன்னதையும் சர்ச் சொன்னதையும் வைத்தே எழுதினார்கள். மந்தை, உடலமைப்பு எல்லாம் சில இடங்களில். எப்படி எழுதினார்கள் என்பதைவிட, எழுதிய பின் அது அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் முத்திரையாகிவிட்டது என்பதே முக்கியம். அதற்கு முன் மந்தை சேர்ந்தால் ஹுட்டு டுட்சியாக ஏறவும், மாடு போனால் இறங்கவும் கொஞ்சம் வழி இருந்தது. அட்டை அந்தக் கதவைச் சாத்தியது.

கூடவே ஒரு கட்டுக்கதையும் வந்தது. டுட்சிகள் எத்தியோப்பியா பக்கமிருந்து வந்த உயர்ந்த இனம் என்று ஐரோப்பியர்கள் எழுதினார்கள், அவர்களைத் தட்டிக்கொடுத்து ஆள்வதற்கு வசதியாக. 1992-இல் லியோன் முகேசேரா என்ற ஹுட்டு அரசியல்வாதி அதே கதையைத் தலைகீழாக்கினார். வந்தவர்களை நியபரோங்கோ ஆறு வழியாக எத்தியோப்பியாவுக்கே அனுப்பிவைப்போம் என்று மேடையில் பேசினார். இரண்டு வருடம் கழித்து ஆற்றில் போனவை பிணங்கள்.

ஆனால் எதிர்க்கரைக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1962-இல் விடுதலை கிடைத்தது. அதற்குப் பின் முப்பத்திரண்டு வருடம் அந்த அட்டையைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தது ருவாண்டா அரசுகள்தான். சாலைத்தடுப்பில் அட்டையைப் பார்த்துக் கத்தியை ஓங்கிய கையும் பெல்ஜியக் கை கிடையாது.

எதிர்க்கரை

இதைத்தான் முதலிலிருந்து கேட்டேன். நன்றி.

ஊமத்தம்பூ

ஜெர்மனி மன்னிப்புக் கேட்டதா இல்லையா? அதையும் யாராவது முடித்துவையுங்கள்.

குறுக்குவிசாரணை

2021 மே மாதம் "இன்றைய பார்வையில்" அது இனப்படுகொலை என்று ஜெர்மனி ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டு சொல்லைச் சும்மா போடவில்லை. 1948 சட்டம் 1904-க்குப் பின்னோக்கிப் பொருந்தாது, அதனால் சட்டப்படி கடனில்லை என்பது அதன் பொருள். 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ வளர்ச்சித் திட்டங்களுக்கு. இழப்பீடு என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டார்கள். எங்களை உட்காரவைக்காமல் எங்களைப் பற்றிப் பேசி முடித்தீர்களா என்று ஹெரேரோ, நாமா தலைவர்களில் பலர் அதைத் தள்ளிவிட்டார்கள்.

பழுப்புக்காகிதத்துக்காக இன்னொன்று. 1918-இல் ஆங்கிலேயர் இந்தக் கொடுமைகளையெல்லாம் சாட்சியங்களோடு ஒரு நீலப் புத்தகமாக (அரசின் அதிகாரப்பூர்வ அறிக்கை) போட்டார்கள். காலனியை ஜெர்மனியிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதற்கு அது அப்போது தேவைப்பட்டது. 1926-இல் விண்ட்ஹுக் சட்டசபை அதன் பிரதிகளை அழிக்கத் தீர்மானம் போட்டது. வெள்ளைக் குடியேற்றக்காரர்கள், ஜெர்மானியரும் மற்றவரும், இனி ஒற்றுமையாக இருக்க வேண்டுமாம்.

பழுப்புக்காகிதம்

தெரியும். அதனால்தான் ஊமத்தம்பூவின் புகைப்படத்தைப் பார்க்க மாட்டேன் என்று நான் சொல்வதில்லை.

மணல்மேடு

கடைசியாக நான் படித்ததைப் போட்டுவிட்டுப் போகிறேன். 2018 புள்ளிவிவரப்படி நமீபியாவின் வணிகப் பண்ணை நிலத்தில் சுமார் 70 சதவீதம் இன்னும் வெள்ளையர் கையில்தான். வாட்டர்பெர்க்கில் செத்த ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டம் பராமரிப்பில் இருக்கிறது. ஹெரேரோ முன்னோர்களின் கல்லறைகள் பல, தனியார் பண்ணைகளின் முள்வேலிக்குள் இருக்கின்றன. தாத்தாவின் தாத்தாவைப் பார்க்கப் போகிறவர்கள் வாசலில் நின்று பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.